ஹட்சன் பள்ளத்தாக்கின் பழைய படத் தபால் அட்டைகள்: சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பொகிப்சி ஊரைக் காட்டும் பழைய படத் தபால் அட்டை ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஹட்சன் ஆறு, அதன் குறுக்கே ஓங்கி நிற்கும் ரயில் பாலம், கரையோரம் இரண்டு படகுகள். பாலத்துக்குத் தெற்கே வெறும் தண்ணீரும் வானமும்தான். இன்றைக்கு அங்கே போய் நின்றால் தெற்கே இன்னொரு பாலம் தெரியும். கார்கள் போகும் மிட்-ஹட்சன் தொங்கு பாலம் அது, 1930-இல் திறந்தார்கள். ரயில் பாலத்தில் வண்டி ஓடத் தொடங்கியது 1889 வாக்கில். ஆக, அட்டையில் ஓர் எழுத்துகூடப் படிக்காமலே, இந்தப் படம் அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் எடுத்தது என்று சொல்லிவிடலாம். பின்பக்கத்தைத் திருப்பினால் ஆண்டு இன்னும் நெருங்கி வரும்.

அட்டை சேர்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். அழகான படம் என்று வாங்கி அடுக்கி வைப்பதில் சில மாதங்களில் அலுப்பு வந்துவிடும். ஓர் இடம் எப்படி மாறியது என்று அட்டை அட்டையாகக் கண்டுபிடிப்பதில் அலுப்பே வராது. அதனால் இந்தக் கட்டுரையில் விலையைவிடக் காலக்கணிப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஹட்சன் பள்ளத்தாக்கு என்பது நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஆல்பனி வரை, ஆற்றின் இரு கரையிலும் ஏறக்குறைய 150 மைல் நீளும் பகுதி. அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர்களின் கப்பல்கள் மேலே ஏறி வராமலிருக்க 1778-இல் வெஸ்ட் பாயிண்டில் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் இந்த மலைகளை வரைந்து வரைந்து நாடு முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். 1851-இல் கிழக்குக் கரையோரமாக ரயில் பாதை முழுமையடைந்தது. நீராவிக் கப்பல்கள் கோடைதோறும் நகரத்து மக்களை அள்ளிக்கொண்டு வந்தன. படத் தபால் அட்டை பிறந்தபோது இங்கே ஏற்கெனவே சுற்றுலாக் கூட்டம் தயாராக இருந்தது. அதனால்தான் இந்தப் பள்ளத்தாக்கின் அட்டைகள் இன்றும் இவ்வளவு எளிதாகக் கிடைக்கின்றன.

எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்க்க நினைப்பது. அது முடியாது, முடிந்தாலும் ஒன்றோடு ஒன்று பேசாத குவியலாகத்தான் இருக்கும். ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது நியூபர்க்கிலிருந்து பேர் மவுண்டன் வரையிலான மலைப்பகுதி. ஆறு இரண்டு பக்கமும் மலை நெருக்க, குறுகி ஓடும் இடம் அது. உங்களுக்கு ஓர் ஊர் மட்டும் போதும் என்றால் அதுவும் நல்லதே. நீராவிக் கப்பல்கள் மட்டும், பாலங்கள் மட்டும், கேட்ஸ்கில் மலை ஓட்டல்கள் மட்டும் என்றும் பிரிக்கலாம்.

எல்லை சிறியதாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஆறு மாதத்தில் அந்த இடத்தின் ஒவ்வொரு மலைமுகடும் கண்ணுக்குப் பழகிவிடும். விற்பவர் ஊர் பெயரைத் தவறாகப் போட்டிருந்தாலும் படத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் நல்ல அட்டைகள் மலிவாக அகப்படும்.

பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

அட்டையைக் கையில் எடுத்ததும் திருப்புங்கள். அமெரிக்க அட்டைகளின் காலத்தைப் பின்பக்கம்தான் முதலில் சொல்லும்.

1898 மே மாதம் தனியார் அச்சிட்ட அட்டைகளையும் ஒரு சென்ட் ஸ்டாம்ப்பில் அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. அந்தக் காலத்து அட்டைகளின் பின்பக்கத்தில் 'பிரைவேட் மெயிலிங் கார்டு' என்று அச்சடித்திருக்கும். 1901 டிசம்பரிலிருந்து 'போஸ்ட் கார்டு' என்றே போடலாம் என்றார்கள். ஆனால் 1907 மார்ச் 1 வரை பின்பக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுத வேண்டும். சேதியை முன்பக்கத்தில், படத்தின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் நுணுக்கி எழுதினார்கள். வானத்தின் மேலேயே எழுதியிருப்பார்கள். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்து வழக்கம் அது. 1907-க்குப் பிறகு பின்பக்கம் நடுவில் ஒரு கோடு வந்தது: இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. கோடு இல்லாத பழைய இருப்பைக் கடைக்காரர்கள் அதற்குப் பிறகும் சில காலம் விற்றார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கக் காட்சிகள் பலவற்றை ஜெர்மனியில்தான் அச்சடித்தார்கள். நியூபர்க் காட்சியின் பின்னால் 'ஜெர்மனியில் அச்சிடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் வியக்க வேண்டாம். அச்சுத் தரம் அருமையாக இருக்கும். போர் அந்த வரவை நிறுத்தியது. அதன்பின் ஏறக்குறைய 1915 முதல் 1930 வரை வந்த அட்டைகளில் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டிருப்பார்கள். மையும் மிச்சம், வெட்டுவதும் எளிது. நிறம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். 1930-களில் துணி நெசவு போலச் சொரசொரப்பான தாளில் பளீரென்ற நிறங்களோடு அட்டைகள் வந்தன. இவற்றை 'லினன்' என்பார்கள். தாள்தான், துணி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வழவழப்பான வண்ணப் புகைப்பட அட்டைகள் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன.

லினன் அட்டைகளில் சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி அச்சிட்டவை ஏராளம். அவற்றின் காலத்தைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். அட்டையில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து 'ஏ' என்றால் 1930-கள், 'பி' என்றால் 1940-கள், 'சி' என்றால் 1950-கள். எழுத்துக்கு முன்னால் உள்ள இலக்கம் ஆண்டு. '5ஏ' என்று தொடங்கினால் 1935. இந்தக் கம்பெனியின் பெரும் சேகரிப்பு இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

அப்புறம் ஸ்டாம்ப். தபால் அட்டைக்குக் கட்டணம் 1951 கடைசி வரை ஒரு சென்ட். நடுவில் இரண்டு முறை மட்டும் இரண்டு சென்ட் ஆனது: 1917 நவம்பரிலிருந்து 1919 ஜூன் வரை ஒருமுறை, 1925 ஏப்ரலிலிருந்து 1928 ஜூன் வரை மறுமுறை. தபால் நிலையத்தில் குத்திய முத்திரையில் ஆண்டு அழிந்திருந்தால் இது கைகொடுக்கும். வெளியீட்டாளர் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அட்டை 1963-க்குப் பிந்தையது.

ஒரு எச்சரிக்கை. முத்திரைத் தேதி சொல்வது, அட்டை அதற்குப் பிந்தையது அல்ல என்பதை மட்டும்தான். 1905-இல் எடுத்த படத்தை 1912-இல் வாங்கி அனுப்பியிருக்கலாம். கடைகளில் பழைய இருப்பு பல ஆண்டுகள் கிடக்கும்.

படத்துக்குள் இருக்கும் தேதிகள்

இனி முன்பக்கம். இங்கேதான் ஊரைத் தெரிந்துவைத்திருப்பதன் பலன் கிடைக்கும். நான் பயன்படுத்தும் அடையாளங்கள் சிலவற்றைத் தெற்கிலிருந்து வடக்காகச் சொல்கிறேன்.

பேர் மவுண்டன் பாலம் 1924 நவம்பரில் திறந்தது. அன்றைக்கு உலகிலேயே நீளமான தொங்கு பாலம். அந்த மலையடிவாரத்தைக் காட்டும் படத்தில் பாலம் இல்லை என்றால் காலம் உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் வடக்கே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. மேட்டின் மேல் கோட்டை போல நிற்கும் கேடட் சேப்பல் 1910-இல் முடிந்தது. ஆற்றிலிருந்து எடுத்த படங்களில் அந்தத் தேவாலயம் உண்டா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அதற்கு மேலே ஸ்டார்ம் கிங் மலை. அதன் விலாவில் பாறையைக் குடைந்து போட்ட சாலை 1922-இல் திறந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் இடுப்பில் கட்டிய மெல்லிய கோடு போலத் தெரியும். கோடு இல்லாத ஸ்டார்ம் கிங் அட்டைகளையும் கோடு உள்ளவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. எதிர்க்கரையில் புல் ஹில் மலையில் கல் குவாரி 1930-களில் தொடங்கியது. மலையில் பெரிய வடு விழுந்தது. வடு இருந்தால் அட்டை அதற்குப் பிந்தையது.

ஆற்றின் நடுவே பொலபெல் தீவு. ராணுவப் பழம்பொருள் வியாபாரி பிரான்சிஸ் பேனர்மன் 1900-இல் தீவை வாங்கி, ஸ்காட்லாந்துக் கோட்டை பாணியில் ஆயுதக் கிடங்கு கட்டினார். 1920-இல் வெடிமருந்து வெடித்து ஒரு பகுதி சிதறியது. 1969-இல் தீ பிடித்துக் கூரைகள் போயின. முழுக்கோட்டையைக் காட்டும் அட்டைக்கும் இடிபாட்டைக் காட்டும் அட்டைக்கும் இடையே இந்தத் தேதிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

பீக்கன் என்ற ஊர்ப் பெயரே ஒரு தேதி. ஃபிஷ்கில் லேண்டிங், மேட்டவான் என்ற இரண்டு ஊர்களை இணைத்து 1913-இல்தான் பீக்கன் நகரம் உருவானது. படத்துக்குக் கீழே மேட்டவான் என்று அச்சடித்திருந்தால் மூலப்படம் பெரும்பாலும் இணைப்புக்கு முந்தையது. அந்த ஊருக்குப் பின்னால் உள்ள மலையில் 1902-இல் தொடங்கி 1978 வரை இழுவை ரயில் ஓடியது. செங்குத்தாக மலையேறும் அந்தத் தண்டவாளத்தைக் காட்டும் அட்டைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். புதியவர்கள் தொடங்க மிக நல்ல இடம் அது. எதிரே நியூபர்க். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 1963-இல் பாலம் வரும் வரை படகுதான். நியூபர்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கிய ஹாஸ்புரூக் வீட்டை 1850-இல் மாநில அரசு வாங்கிப் பாதுகாத்தது. அந்தச் சிறிய கல் வீட்டை எத்தனையோ வெளியீட்டாளர்கள் அட்டையாகப் போட்டிருக்கிறார்கள்.

வடக்கே கேட்ஸ்கில் மலையுச்சியில் தூண்கள் வரிசையாக நிற்கும் வெள்ளை மாளிகை போன்ற ஓட்டல் ஒன்றைப் பார்த்தால் அது கேட்ஸ்கில் மவுண்டன் ஹவுஸ். 1824-இல் திறந்தது. கைவிடப்பட்டுச் சிதைந்த நிலையில் 1963 ஜனவரியில் மாநில அரசே அதைக் கொளுத்தியது. அங்கே ஏறிய ஓட்டிஸ் மலை ரயில் ஓடியது 1892 முதல் 1918 வரை. இந்த ஓட்டலின் அட்டைகளைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அந்தத் தூண்களைப் பார்க்க இனி படங்கள் மட்டும்தான் மிச்சம்.

கப்பல்களும் தேதி சொல்லும். ஹட்சனின் ராணி என்று மக்கள் கொண்டாடிய மேரி பவல் 1861 முதல் 1917 வரை ஓடியது. டே லைன் கம்பெனியின் ஹென்ட்ரிக் ஹட்சன் 1906-இலும், ராபர்ட் ஃபுல்டன் 1909-இலும், வாஷிங்டன் இர்விங் 1913-இலும் ஓட வந்தன. கடைசியாகச் சொன்னது 1926-இல் மூழ்கிவிட்டது. 1909 செப்டம்பர், அக்டோபரில் ஹட்சன்-ஃபுல்டன் விழா பெரிய அளவில் நடந்தது. ஹென்றி ஹட்சன் ஆற்றுக்கு வந்து 300 ஆண்டு, ஃபுல்டனின் நீராவிப் படகு ஓடி நூறு ஆண்டுக்கு மேல் என்று இரண்டையும் சேர்த்துக் கொண்டாடினார்கள். அந்த விழா அட்டைகளை மட்டுமே சேர்ப்பவர்களும் உண்டு.

ஆனால் படத்தை முழுசாக நம்பிவிடக் கூடாது. அக்காலத்து வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறம் சேர்த்தவை. வண்ணம் போட்டவர் இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டார். பகல் படத்தில் நிலாவை வைத்து இரவாக்குவார்கள், மின்கம்பிகளை அழிப்பார்கள், வெறும் ஆற்றில் ஒரு கப்பலை ஒட்டிவிடுவார்கள். ஒரே படத்தின் பகல் அட்டையும் நிலா அட்டையும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். மலைகளின் வடிவம் உண்மை. வானத்தின் நிறம் உண்மை இல்லை.

இதைச் சரிபார்க்க ஓர் அருமையான வழி இருக்கிறது. டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி இந்தப் பள்ளத்தாக்கை நிறையப் படமெடுத்தது. அதன் 'ஃபோஸ்டின்ட்' அட்டைகள் நிறத்துக்குப் பேர்போனவை. அந்தக் கம்பெனியின் 25,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றை இணையத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். உங்கள் அட்டையையும் மூல நெகடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சகம் என்ன சேர்த்தது, என்ன அழித்தது என்று தெரிந்துவிடும்.

அச்சா, புகைப்படமா?

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லூப் ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு அவசியமான ஒரே கருவி அது. அதன் வழியே பார்த்தால் அச்சடித்த அட்டையில் புள்ளிகளோ மணல்போன்ற துகள்களோ தெரியும். உண்மையான புகைப்பட அட்டையில் புள்ளி இருக்காது. நிழலும் ஒளியும் தொடர்ச்சியாகக் கரைந்து ஓடும். இவற்றை 'ரியல் போட்டோ' என்பார்கள். 1903-இல் கோடக் கொண்டுவந்த 3ஏ கேமராவின் நெகடிவ் அட்டை அளவிலேயே இருந்ததால், ஊர்க்காரர்களே படமெடுத்து நேராக அட்டைத் தாளில் அச்செடுத்தார்கள். வெள்ளம், தீ விபத்து, தெருக் கடை, ரயில் நிலையத்தில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் இவற்றில்தான் வரும். சில பிரதிகள் மட்டுமே இருந்திருக்கும் என்பதால் விலையும் கூடுதல்.

அவற்றின் ஸ்டாம்ப் கட்டத்தில் தாள் கம்பெனியின் பெயர் இருக்கும். 'ஏ-இசட்-ஓ' என்ற மூன்று எழுத்துகளோடு நான்கு மூலையிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கியிருந்தால் 1918 முதல் 1930 வரை என்பது சேகரிப்பாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. கறுப்பான இடங்களில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிபோல மினுங்கினால் பழைய புகைப்படம் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

நியூபர்க் துறையில் நிற்கும் கப்பல் ஒன்றின் ரியல் போட்டோ என்று நம்பி, இணையத்தில் ஒருவரிடம் 30 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்ததும் லூப்பில் பார்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளிகள், பிற்காலத்து மறுபதிப்பு. அன்றிலிருந்து கூடுதல் விலை சொல்லும் எந்த அட்டைக்கும், ஒரு மூலையை நெருக்கமாக எடுத்த படமும் பின்பக்கப் படமும் கேட்காமல் வாங்குவதில்லை. சிறிய புற ஊதா விளக்கு இருந்தால் அதுவும் உதவும். 1950-களுக்குப் பிறகு தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தாள் விளக்கொளியில் நீலவெள்ளையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும்.

எங்கே, எவ்வளவுக்கு?

பள்ளத்தாக்கிலோ அருகிலோ இருப்பவர்கள் பழம்பொருள் கடைகளையும் வார இறுதிச் சந்தைகளையும் சுற்றலாம். காலணிப் பெட்டிகளில் ஊர்வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். தபால் அட்டைக் கண்காட்சிகளில் பல டீலர்கள் ஒரே கூரையின் கீழ் வருவார்கள். முதல் முறை எதுவும் வாங்காமல் இரண்டு மணி நேரம் புரட்டிப் பாருங்கள், விலை புரிந்துவிடும். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஈபே போன்ற தளங்கள்தான். ஒரே விற்பனையாளரிடம் பல அட்டைகளைச் சேர்த்து வாங்கினால் தபால் செலவு மிச்சம். தேடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் மலை, கப்பல், பழைய ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

சாதாரணக் காட்சி அட்டைகள் சில டாலருக்குள் கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பதானால் காரணம் வேண்டும்: அரிய புகைப்படம், மூடப்பட்ட சிறு தபால் நிலையத்தின் முத்திரை, ரயிலிலேயே போட்ட 'ஆர்.பி.ஓ.' முத்திரை போல ஏதாவது. மூலை மழுங்கல் பரவாயில்லை. நடுவில் மடிப்பு, ஓரம் வெட்டியது, ஆல்பத்திலிருந்து பிய்த்ததில் பின்பக்கம் உரிந்தது என்றால் விலை பாதியாவது குறைய வேண்டும். எழுதிய அட்டையைவிட எழுதாத அட்டை உயர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, மலைமேல் குளிர் எப்படி, எப்போது வீடு திரும்புவோம் என்று எழுதிய இரண்டு வரிக்காகவே நான் மூலை உடைந்த அட்டைகளை வாங்கியிருக்கிறேன்.

வைத்துக்கொள்வது

பிவிசி உறைகள் வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் ஃபைலில் வைத்த என்னுடைய ஆறு அட்டைகள் இரண்டே கோடையில் உறையோடு ஒட்டிக்கொண்டன. பிரிக்கும்போது மை உரிந்து வந்தது. பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். உறையிலிட்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தால் போதும். சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். பசை, செலோடேப், லேமினேஷன் கூடவே கூடாது. ஸ்டாம்ப்பை ஆவி காட்டிப் பிரிக்காதீர்கள். முத்திரையோடு அட்டையில் இருப்பதுதான் அதற்கு மதிப்பு.

குறிப்பும், நேரில் பார்ப்பதும்

ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் எண் கொடுத்து, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, கணினியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: இடம், எந்தத் திசை நோக்கிய காட்சி, வெளியீட்டாளர், அட்டை எண், முத்திரைத் தேதி, நீங்கள் கணித்த காலம், எதை வைத்துக் கணித்தீர்கள். கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்துப் புதிய அட்டை வந்து பழைய கணிப்பைப் பொய்யாக்கும்போது, எங்கே பிசகியது என்று அதுதான் காட்டும். எண்ணை உறையின் மேல் எழுதுங்கள், அட்டையின் மேல் அல்ல.

வாய்ப்பு கிடைத்தால் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து பொகிப்சி போகும் மெட்ரோ-நார்த் ரயிலில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஆறு நெடுகக் கூடவே வரும். கோல்ட் ஸ்பிரிங்கில் இறங்கி ஆற்றங்கரை வரை நடந்தால் எதிரே ஸ்டார்ம் கிங் நிற்கும். பொகிப்சியின் ரயில் பாலம் 1974-இல் தீப்பிடித்து மூடப்பட்டது. 2009-இல் நடைபாதையாகத் திறந்தார்கள். அதன் நடுவில் நின்று தெற்கே பார்த்தால், அட்டையில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் மிட்-ஹட்சன் பாலம் தெரியும். அட்டையை எடுத்துப் போக வேண்டாம், நகல் போதும். அந்த உயரத்தில் காற்று பலமாக அடிக்கும்.